லொறிக்கு ஒரு கல்

பள்ளிக்கூடத் தெருவைக் காலையில் ஒரு மணித்தியாலம் மூடிப் பார்க்க ஒரு கிழமை, ஏழு நாள், தருகிறேன் என்று சபைத் தலைவர் ஜமால்தீன் ஹாஜியார் சொன்னபோது, அவர் என்மேல் இரங்கித் தரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு கிழமையில் இந்த விஷயம் நாறிப்போகும், அதன்பின் இந்த நபீஸா டீச்சர் சபைப் படி ஏறமாட்டாள் என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. கைக்கு வந்த கிழமையை நான் விட்டால்தானே.

சிக்கல் இதுதான். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போகிற வாகனமெல்லாம் கடல்வாயை மிதவையில்தான் கடக்கவேண்டும். அந்த மிதவையை நாங்கள் பாதை என்போம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று லொறிதான் ஏறும். முந்தினவன் ஏறுவான். பிந்தினவன் அது போய்த் திரும்பும்வரை வெயிலில் நிற்பான், அவனுடைய மீன் பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்து ஓடும். அதனால் காலையில் மீன் லொறியும் நெல் லொறியும் பேய் பிடித்த மாதிரி ஓடும். பாதை வந்து நிற்கும் பாதையடிக்குப் போகும் தெருவோ நான் அதிபராயிருக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலை உரசிக்கொண்டு போகிறது.

போன மாதம் பத்தாம் வகுப்பு றஹ்மாவை ஒரு நெல் லொறி தட்டிவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான், கால் முறிவோடு போயிற்று. ஆனால் அடுத்த நாளே அந்த வகுப்பில் பெண் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் காலியாகத் தொடங்கின. அரசாங்கச் சோதனைக்கு முதல்முறையாக ஒரு வகுப்பு நிறையப் பெண் பிள்ளைகளை அனுப்ப நான் வீடு வீடாய் ஏறி இறங்கிப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோதனைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இந்தக் கிழமையும் பிழையாய்ப் போனால் அந்தப் பிள்ளைகள் குசினி அடுப்போடு சரி.

அதிலும் ஸுல்பிகா. கணக்கில் என்னையே மடக்குவாள். அவளுடைய வாப்பா ஜெமீல் என் சாச்சாவின் மகன், எனக்குத் தம்பி. மீன் லொறி வைத்திருக்கிறான். லொறிக்குப் பயந்து மகளை வீட்டில் வைத்தவனும் அவன்தான், அந்தத் தெருவில் எல்லாரையும் முந்தி லொறி ஓட்டுகிறவனும் அவன்தான்.

"நான் பாத்துத்தான் ஓட்டுவன் ராத்தா. மத்தவனுகள்தான் கண்மண் தெரியாம ஓட்டுறானுகள்," என்றான், என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே. "முதல்ல தெரு சரியாகட்டும். பொறகு புள்ளய அனுப்புறன்."

"தெருவ ஆர் சரியாக்குறது?"

"அது சபைட வேல."

கோப்பையைப் பறித்திருப்பேன். அவனைப் பெற்ற சாச்சியின் முகத்துக்காக விட்டேன்.

முதல் நாள் தெருமுனையில் மூங்கில் தடி ஒன்றைக் குறுக்கே கட்டினோம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் புஸ்பராணி டீச்சர். பிள்ளைகள் தெரு நடுவில் கை வீசிக்கொண்டு வந்தார்கள். தடிக்கு அப்பால் லொறிகள் சேர்ந்து ஹோர்ன் அடித்துக் காதைக் கிழித்தன. மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே போனதும் தடியைத் தூக்கினோம்.

தூக்கியிருக்கக் கூடாது. அதுவரை ஒன்றன்பின் ஒன்றாய்ப் பறந்தவை, இப்போது மூன்று லொறி ஒரு தெருவில் பக்கம் பக்கமாய்ப் பறந்தன. பள்ளிக்கூட மதிலின் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. பிந்தி வந்த சின்னப் பிள்ளை ஒன்றைப் புஸ்பராணி டீச்சர் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்ததால் அது தப்பியது.

"தெருவத்தான் மூடினீங்க டீச்சர்," என்று ஜெமீல் லொறிக்குள்ளிருந்து கத்திவிட்டுப் போனான். "பாதைக்கு முந்திறத ஆர் மூடுற?" கோபம் வந்தால் நான் அவனுக்கு டீச்சர்.

எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவன் சொன்னதில் பிழை இல்லை. நான் லொறியை நிறுத்தினேன், ஓட்டப் போட்டியை நிறுத்தவில்லை.

பின்னேரம் பாண் வாங்கப் போனேன். பாண் ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலம் அது. நின்றது என்று சொல்வது மரியாதைக்கு. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் ஆட்களைவிடக் கற்கள்தான் அதிகம். கல்லை வைத்துவிட்டு ஆட்கள் நிழலுக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுவார்கள். இது இன்னாருடைய கல் என்று எல்லாருக்கும் தெரியும். ஜெமீலின் உம்மா, என் சாச்சி ஆமினா உம்மாவின் கல் உடைந்த அம்மித் துண்டு. எங்கள் ஊர் கள்ளனைக்கூட மன்னிக்கும், அடுத்தவர் கல்லை நகர்த்தினவனை மன்னிக்காது.

என் கல்லை வரிசையில் வைத்து நிமிர்ந்தபோதுதான் புத்தி வந்தது. கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் பாதையடிக்கு நடந்தேன்.

பாதையில் வாகனம் ஏற்றும் பொறுப்பு தவராசாவுடையது. கிளிவெட்டி ஊர்க்காரர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"கல்லைப் பாத்து லொறி ஏத்தச் சொல்லுறீங்களோ, டீச்சர்?"

"ஓம். விடிய சுபஹுத் தொழுதுபோட்டு வரக்குள்ள ஒவ்வொருத்தரும் இதில கல்ல வெச்சிட்டுப் போகட்டும். கல்லு நிக்கிற முறைக்கு நீங்க ஏத்துங்க. இடம் போகாது எண்டா ஏன் ஓடப்போறானுகள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆர் முதல் வந்தது எண்டு ஒவ்வொரு நாளும் என்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சு இழுக்கிறாங்கள். இனிக் கல்லோட சண்டை பிடிக்கட்டும். சரி, டீச்சர்."

திரும்பி வந்தேன். என் கல் அதே இடத்தில் இருந்தது. லொறிக்காரர் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் அந்த வரிசையில்தான் நின்றார்கள். அவர்களிடம் சொன்னேன். பாண் வாங்கி முடியுமுன் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் விடிய பாதையடியில் கற்கள் வரிசையாய் இருந்தன. கொஞ்சப் பேர் பகிடிக்கு வைத்தார்கள், கொஞ்சப் பேர் பெண்சாதியின் வாய்க்குப் பயந்து வைத்தார்கள். ஜெமீல் மட்டும் வைக்கவில்லை. தடியைத் தூக்கியதும் அவன் லொறி மட்டும் சீறிக்கொண்டு போனது. நானும் பின்னால் ஓட்டமும் நடையுமாய்ப் போனேன்.

"ஜெமீல் தம்பி, உங்கட கல்லு எங்க?" என்று தவராசா கேட்டார்.

"லொறி நிக்குது, கல்லு என்னத்துக்கு? பாதைய விடுங்க!"

கற்கள் பாதையின் வாய்க்கு நேரே கிடந்தன. ஏறுவதென்றால் அவற்றை அகற்றவேண்டும். ஜெமீல் இறங்கினான். முதல் கல்லின்மேல் கை வைக்கக் குனிந்தான்.

அக்கரைக்குப் போக முட்டைக் கூடையோடு நின்ற ஆமினா உம்மா முன்னுக்கு வந்தார்.

"ஜெமீல், நான் நாள் முழுக்க வீட்டில இருந்தாலும் என்ட அம்மித் துண்ட ஒருத்தன் தொடுறானா? நீ மத்தவன்ட கல்ல எடுத்தா, நாளைக்கு நான் எந்த மூஞ்சோட பாணுக்குப் போற?"

ஜெமீல் குனிந்தபடியே நின்றான். பிறகு கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். லொறியைப் பின்னுக்கு எடுத்துக் கடைசியில் நிறுத்தினான். அன்று அவன் ஐஸ் நல்லாய்க் கரைந்தது. அடுத்த விடியலில் தவராசா வரும்போது முதலாவதாக இருந்தது ஜெமீலின் கல்தானாம்.

அதன்பின் எவனும் ஓடவில்லை. ஓடி என்ன பலன்? நெல் லொறிக்காரர் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஆறுதலாய்த் தேத்தண்ணி குடித்தார்கள்.

கிழமை முடிவில் ஜமால்தீன் ஹாஜியார் பார்க்க வந்தார். நாற்றத்தைத் தேடி வந்தவருக்கு வெறுந்தெரு. பிள்ளைகள் அவரையே ஓரம் போகச் சொன்னார்கள். "சோதனை முடியுமட்டும் இருக்கட்டும்," என்று முணுமுணுத்தார். அதற்கு மேலும் இருக்கும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் ஜெமீல் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தான். பின்னால் ஸுல்பிகா, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி.

"ராத்தா," என்றான் தரையைப் பார்த்து. "இவள்ற இடத்தில வேற ஆரையும் இருத்தியாச்சா?"

வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முன்வாங்கில் றஹ்மா கட்டுப்போட்ட காலை நீட்டி இருந்தாள். அவள் பக்கத்து இடத்தில் ஒரு கல் இருந்தது. பாதையடியில் கல் வைத்த நாளிலிருந்து அது அங்கேதான். வகுப்பில் என்ன கல் என்று நான் அதட்டியபோது, "அது ஸுல்பிகாட கல்லு, டீச்சர்," என்று றஹ்மா சொல்லியிருந்தாள். அதன்பின் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை, நானும் உட்காரச் சொல்லவில்லை.

ஜெமீல் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. ஸுல்பிகா போய்த் தன் கல்லைத் தானே எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.