பாடுகிறவள் நடுவில் நிற்க வேண்டும்

என் வீட்டுக்காரருக்குத் தொழிலில் ‘பொன்காது’ என்று பேர். அந்தக் காது என்னுடையது. காலமெல்லாம் ஹாரன் ஸ்பீக்கர் வாயில் தலையை வைத்து வேலை பார்த்ததில், மெல்லிய சத்தம் எதுவும் அவருக்கு இப்போது ஏறுவதில்லை. வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண் விழும். அதனால் ஸ்பீக்கர் பொருத்தப் போகிற வீட்டுக்கெல்லாம் உதவிக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

பாட்டுக் கேட்கும் நாற்காலியில் நான் உட்கார வேண்டும். அவர் ஹாரனைத் திருப்புவார். இரண்டு ஹாரனின் பார்வையும் என் முகத்துக்குச் சற்று முன்னால் சந்தித்தால், பாட்டில் பாடுகிறவள் இரண்டுக்கும் நட்டநடுவில் வந்து நிற்கிற மாதிரிக் கேட்கும். வந்ததும் நான் மூக்கைச் சொறிவேன். “ஆங், இதான்” என்பார், தானே கண்டுபிடித்த மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு வீட்டில், “இன்னும் நடுவுக்கு வரல” என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். அந்த வீட்டு ஆள் சிரித்துவிட்டார். வீடு திரும்பிக் கதவைத் தாழ்போட்டதும் இவர் என்னை அறைந்தார். விழுந்தவளை எழுப்பி நிறுத்தி மறுபடி அறைந்தார். வலது கைக்காரர், எல்லாம் இடது காதில் விழுந்தது. ரத்தம் கழுத்து வரை வடிந்தது.

“படியில விழுந்துட்டேன்னு சொல்லு” என்று ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். சொன்னேன். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “இது போச்சும்மா. இன்னொண்ணையாவது பத்திரமா வெச்சுக்கோ.”

அதை இவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஓர் அறை விழும், அது எந்தக் காதில் விழுமோ என்ற பயம்.

அடுத்தது ஒரு வக்கீல் வீடு. பெரிய கூடம். பெட்டிகளின் மேல் அண்டா வாய் அகலத்தில் இரண்டு இரும்பு ஹாரன்கள். உட்கார்ந்தேன். எனக்கு எல்லாமே வலது பக்கமிருந்துதான் வந்தது. நான் மூக்கைத் தொடாமல் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால், இவர் வலது ஹாரனைக் கொஞ்சம் வெளியே திருப்பினார். இன்னும் கொஞ்சம். கழுத்து நரம்பு புடைத்தது. கை முஷ்டியானதைப் பார்த்து, பயத்தில் மூக்கைச் சொறிந்தேன்.

வக்கீல் வந்து உட்கார்ந்தார். கேட்டார். “என்னங்க இது, பாடற அம்மா இடது பக்கச் சுவத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க?”

அதுவரை என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்த இவர், அப்போதுதான் ஹாரன்களை நிமிர்ந்து பார்த்தார். ஒன்று நாற்காலியை முறைக்கிறது, இன்னொன்று ஜன்னலை வேடிக்கை பார்க்கிறது.

“என்னடி பண்ணி வெச்சிருக்க?”

“ஏன், செட் பண்ணது அவங்களா?” என்றார் வக்கீல்.

அவ்வளவுதான். பொன்காதின் சாயம் வெளுத்துவிட்டது. இவர் என் முடியைப் பிடித்து வலது ஹாரன்வரை இழுத்துப்போய், அதன் விளிம்பில் என் நெற்றியை மோதினார். “எங்க பாக்குது பாரு! பாருடி!” வக்கீல் “ஏய், விடுய்யா” என்று கத்தினார். வலது கையில் என் முடி இருந்ததால் இவர் இடது கையை ஓங்கினார். நேராக என் வலது காதுக்கு.

எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஸ்பீக்கர் வாங்கினவர் கேட்டுச் சரி என்ற பிறகுதான் ஹாரனைப் பெட்டியோடு இறுக்குகிற போல்ட்டை இவர் முடுக்குவார் என்று எனக்குத் தெரியும். ஹாரன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, என் பலமெல்லாம் சேர்த்து இழுத்தேன். அது அவர் தோளில் இறங்கி, ஆளையும் கீழே தள்ளி, அந்த இடது கையின் மேல் உட்கார்ந்தது. எலும்பு நொறுங்கியது எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டதில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தரையில் கிடந்து அலறினார். வக்கீல் போனை எடுத்தார். “ஆஸ்பத்திரில கேப்பாங்களேம்மா, என்னன்னு சொல்றது?”

நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டேன். “படியில விழுந்துட்டார்னு சொல்லுங்க.”

“இங்க படியே இல்லையேம்மா.”

“எங்க வீட்லயும் இல்லீங்க.”