பத்தாவது ஏழுகதவார்

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் குடும்பப் பெயர்மேல் இருந்த காதல் வேறு எதன்மேலும் இருந்ததில்லை. இது என் கண்டுபிடிப்பு அல்ல, விவாகரத்தின்போது அவர் மனைவியே வக்கீல் முன்னால் சொன்னது. பெயர், ஏழுகதவார். ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் வேறு குடும்பத்தில் கிடைக்காது. கண் பரிசோதிக்க வருகிறவர்கள் எழுத்துப் பலகையின் கடைசி வரியை எட்டுவதற்குள், முதல் ஏழுகதவார் ஓர் அரண்மனையின் ஏழு வாசலுக்கும் சாவி வைத்திருந்த கதையை முழுசாகக் கேட்டிருப்பார்கள். கருவியில் தாடையை வைத்து உட்கார்ந்திருக்கும் மனிதர் எங்கே எழுந்து ஓடுவது?

ஆதாரம் என்று கேட்டால் கைவசம் ஒன்றும் கிடையாது. அவருடைய சித்தப்பா வேறு மாதிரி சொல்வார். முன்னோர் ஒருவர் பெண் கேட்டுப் போன ஏழு வீட்டிலும் கதவை முகத்தில் அறைந்தாற்போல் சாத்தினார்களாம். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அத்தையோ, வீட்டுக்கு ஏழு கதவு வைத்துவிட்டு ஜன்னல் வைக்க மறந்துபோன மடையன்தான் நம் மூதாதை, அந்த மூளைதான் உனக்கும் வந்திருக்கிறது என்பார். கடைக்காரர் இந்த இரண்டையும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்படி இருக்கையில்தான் நகர நூலகம் குடும்பப் பெயர் அகராதி ஒன்றை அச்சிடப் போவதாக அறிவித்தது. ஒரு பெயர் அதில் ஏற வேண்டுமானால், அடையாள அட்டையில் அந்தப் பெயர் உள்ள வயது வந்தவர்கள் பத்துப் பேராவது நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். தங்களுக்குள் ஒருவரை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். அவர் எழுதிக் கொடுக்கும் விளக்கம்தான் அச்சாகும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

கடைக்காரர் மூன்று நாள் கடையைச் சரியாகக் கவனிக்காமல், அரண்மனையைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதி முடித்தார். அதற்குப் பிறகுதான் ஆட்களை எண்ண உட்கார்ந்தார். அவர், தம்பி, தம்பியின் கல்லூரி முடித்த மகள், சித்தப்பா, சித்தப்பாவின் நான்கு தடியன்கள், அத்தை. ஒன்பது. குடும்பத்துக்கு வந்த மருமகள்கள் கைகொடுப்பார்கள் என்றால், அதுவும் இல்லை. சித்தியில் தொடங்கித் தம்பி மனைவி வரை ஒருத்தியும் அந்தப் பெயரை ஏற்கவில்லை. "கதவு கதவுன்னு கூப்பிடுவாங்க, எனக்கு வேண்டாம்" என்று திருமணப் பதிவு அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு மருமகள்தான். அவர் கடைக்காரரின் மனைவியாக இருந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரிந்து போனவர்.

இங்கேதான் சிக்கல். பிரிந்த கையோடு, இரவல் போன குடையைக் கேட்பதுபோல, "எங்கள் பெயரைத் திருப்பித் தரவும்" என்று அந்த அம்மாளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவர் நம் கடைக்காரர். ஒன்றல்ல, மூன்று. மூன்றாவது அனுப்பி மாசம் ஒன்றுகூட ஆகவில்லை. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? இருந்தது ஒரே முகம். அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினார்.

அந்த அம்மாள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கூரையில் 'ஏழுகதவார் டிரைவிங் ஸ்கூல்' என்று போர்டு வைத்த கார் வாசலில் நின்றது. அவர் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பேசணும்" என்றார் கடைக்காரர்.

"பதினோரு மணி வரைக்கும் வண்டி சும்மா நிக்கக் கூடாது சார். பத்து மணிக்குக் கத்துக்க வரவேண்டியவர் வரல. பேசணும்னா அந்த சீட்ல உக்காந்து ஓட்டிக்கிட்டே பேசுங்க."

பன்னிரண்டு வருஷம் 'என்னங்க' என்று கூப்பிட்ட வாயில் இப்போது 'சார்'. அதையும் விழுங்கிக்கொண்டு, "எனக்கு ஓட்டத் தெரியாதே" என்றார்.

"தெரிஞ்சவங்க எதுக்கு இங்க வரப்போறாங்க? பெல்ட் போடுங்க."

தெருமுனை போவதற்குள் வண்டி மூன்று முறை அணைந்தது. நான்காவது முறை துள்ளிக் குதித்துக் கிளம்பியது. ரொட்டிக் கடை வாசலில் நின்றவர் கையாட்டினார். சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலர், "ஏழுகதவார் அக்கா, இன்னிக்கு யாரு, புது ஆளா?" என்று குனிந்து பார்த்துச் சிரித்தார். சாலையைக் கடந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட "ஏழுகதவார் வருது, ஓடுங்க" என்று நடைபாதையில் ஏறிக்கொண்டார்கள்.

கடைக்காரருக்கு நெஞ்சு விம்மியது. "நம்ம பேரு இத்தனை பேருக்குத் தெரியுமா?"

"பதினஞ்சு வருஷமா கூரைல வச்சு ஊரைச் சுத்துறேன், தெரியாம என்ன? கார்ல நாலு கதவுதானே இருக்கு, மீதி மூணு எங்கம்மான்னு கேப்பாங்க. போன பேட்ச் பசங்க இடிச்சு உதிர்த்துட்டாங்கன்னு சொல்லிடுவேன்."

அரண்மனைக் கதையை அவர் தாடை மாட்டிக்கொண்டவர்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்க, ஊருக்குள் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் கார். இது கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் காரியம் பெரிதாயிற்றே. அகராதி, பத்துப் பேர், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் மென்று முழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"அடடா" என்றார் அந்த அம்மாள். "மூணாவது நோட்டீஸ் வந்ததும், தொல்லை விட்டதுன்னு பேரை மாத்த எழுதிக் குடுத்துட்டேனே. வியாழக்கிழமை புது கார்டு வருது."

கடைக்காரரின் கால் தன்னையறியாமல் அழுந்தியது. கார் நட்டநடு ரோட்டில் நின்றது. பின்னால் ஆறு வண்டிகள் ஹாரன் அடித்தன.

"அது பிரேக். காலையிலிருந்து இப்பதான் ஒண்ணைச் சரியா மிதிச்சிருக்கீங்க."

"அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்க முடியுமா? முடியுங்களா?"

'ங்க' சேர்ந்ததை அந்த அம்மாள் கவனித்தார். வாயோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அகராதில என்ன எழுதப் போறீங்க? சாவிக்கொத்து, அரண்மனை, அதுதானே?"

"பதினாலு பக்கம்."

"யோசிச்சுச் சொல்றேன். வலது பக்கம் ஒடிங்க. வலதுன்னா அது இல்ல, இன்னொண்ணு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே ஒன்பது ஏழுகதவார்களும் நூலகத்தில் கூடிவிட்டார்கள். நூலகம் ஐந்து மணிக்கு மூடும். நான்கரைக்குக் கடைக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலையால் தண்ணீர் குடித்துச் சேர்த்த ஆட்கள் இப்படி ஒற்றை ஆளால் வீணாகப் போகிறார்களே என்று அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அத்தை வேறு, "மூணு நோட்டீஸ் அனுப்பினியே, நாலாவதா ஒரு மன்னிப்பு அனுப்பியிருக்கலாம்ல" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அந்த அம்மாள் வந்தார். கார் சாவியை மேசைமேல் வைத்து, பழைய அட்டையை நீட்டினார். "நேத்தே போய் மனுவை வாபஸ் வாங்கிட்டேன். இன்னிக்கு ஒரு பையனுக்கு டெஸ்ட், அதான் லேட்" என்றார். கடைக்காரருக்கு உயிர் வந்தது.

"பத்துப் பேர் சரி. விளக்கம் எழுதப் போறது யாரு?" என்று கேட்டார் நூலகர்.

கடைக்காரர் பதினான்கு பக்கத்தோடு எழுந்தார். அதற்குள் சித்தப்பா, "நம்ம டீச்சரம்மாதான்" என்றார். டெஸ்டில் ஐந்து முறை தோற்ற அவரை விடாமல் திட்டித் திட்டி லைசென்ஸ் வாங்க வைத்தவர் அந்த அம்மாள். நான்கு தடியன்களுக்கும் அவர்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தம்பிக்கும், தம்பி மகளுக்கும், ஏன், அறுபது வயதுக்கு மேல் ஆசைப்பட்ட அத்தைக்கும் அவர்தான். எட்டுக் கை உயர்ந்தது. கடைக்காரரின் கை தனக்காகத் தனியே உயர்ந்து, பார்க்கச் சகிக்காமல் இறங்கியது.

"அப்ப இதையாவது சேர்த்து..." என்று பக்கங்களை நீட்டினார்.

"ஒரு பேருக்கு மூணு வரிதான் சார் இடம்" என்றார் நூலகர்.

அந்த அம்மாள் நின்றபடியே எழுதினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே பத்துப் பேரும் கையெழுத்திட வேண்டும். படிவம் கைமாறிக் கைமாறி வந்தது. சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அத்தை மூக்கை உறிஞ்சினார். கடைசியாகக் கடைக்காரர் கைக்கு வந்தது.

'ஏழுகதவார்: எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பெயரில் பிறந்தவர்கள் ஒன்பது பேர். விரும்பி வாங்கிக்கொண்டவள் ஒருத்தி.'

ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்க்கும் மனிதர் அந்த மூன்று வரியை நான்கு முறை படித்தார். பெயரின் மகிமைக்காகத்தான் அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் அவள் சரி என்று சொன்னாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். மகிமை எங்கே இருந்தது? அவள் வாங்கிக்கொண்டது அவரை அல்லவா. அதைப் போய் நோட்டீஸ் விட்டுத் திருப்பிக் கேட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

நூலகருக்கு மனசு கேட்கவில்லை. "ஓரத்தில கொஞ்சம் இடமிருக்கு சார். அரண்மனைன்னு ஒரு வார்த்தை வேணா சேர்த்துக்கலாமா?"

"வேண்டாங்க" என்றார் கடைக்காரர், கையெழுத்தைப் போட்டுக்கொண்டே. "அவங்க எழுதினதுதான் சரி."