நூற்றுப் பதிமூன்று படிகள்

முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குப் போகும் படிக்கட்டில், வீடு கட்டிய நாளில் பதினாறு படிகள் இருந்தன. பல்செட் செய்கிற பெண் மேலே குடிவந்து ஒன்றரை வருடம் ஆனபோது அவை நூற்றுப் பதினொன்று ஆகியிருந்தன. வீட்டின் உயரம் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் அதே இரண்டு மாடி, அதே மொட்டைமாடித் தொட்டி. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் நாற்பதாவது படியில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, இதற்குமேல் தன்னால் ஆகாது என்று போய்விட்டார். தபால்காரர் மேல்வீட்டுக் கடிதங்களைக் கீழேயே கொடுக்க ஆரம்பித்தார். இருவரும் இதைப் பெரிய விஷயமாகப் பேசவில்லை. அவரவர் கால்வலி அவரவருக்கு.

தரைத்தளத்தில் இருந்த வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக உழைத்தவர். ஊரையே மேலே ஏற்றி இறக்கிய மனிதர், தன் வீட்டில் லிப்ட் வைக்கவில்லை. அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருடைய முழங்கால்கள் ஓய்வு பெற்றுவிட்டன. குடித்தனக்காரர்களின் புகார்களை எழுத அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. குழாய், கரண்ட், சுவர், கதவு என்று நான்கு பத்திகள். சொன்ன மறுநாளே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வகையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண் முதன்முதலில் கொண்டுவந்த புகார் எந்தப் பத்தியிலும் அடங்கவில்லை. முதல் மாடி டிரைவிங் ஸ்கூல்காரர், அவள் வரும் நேரம் பார்த்துப் படிக்கட்டுத் திருப்பத்தில் குறுக்கே நிற்கிறார், உரசிக்கொண்டு போனால் போ என்பதுபோல வழி விடாமல் சிரிக்கிறார் என்றாள்.

"குழாய் ஒழுகுதுன்னா சொல்லும்மா, இப்பவே வர்றேன். இதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கறது," என்றார் வீட்டுக்காரர். பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, பாத்துக்கறேன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் பதினேழாவது படி வந்தது. திருப்பத்தை ஒட்டி, மற்றவற்றின் அதே அகலத்தில், சிமெண்டு ஈரம்கூடக் காயாமல் இருந்தது. அதன்பின் டிரைவிங் ஸ்கூல்காரர் அவள் வீட்டுத் தண்ணீர் வால்வை மூடினால் ஒரு படி, கொடியில் காயும் துணியை அள்ளிச் சாக்கடைப் பக்கம் போட்டால் ஒரு படி, கதவைத் தட்டிவிட்டு ஓடி வந்தால் ஒரு படி. தட்டப் போகும்போது அவருக்கு எப்போதும் பதினாறு படிதான். மூச்சு வாங்காமல் ஏறி இறங்கினார். அவளுக்குத்தான் ஒவ்வொன்றும் கூடியது. அவள் வேலை செய்த இடம் இரண்டு தெரு தள்ளி. மதிய இடைவேளை நாற்பது நிமிடம். அதற்குள் ஓடிவந்து, பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். படி எழுபதைத் தாண்டியதும் அவள் தன் சாப்பாட்டை விட்டாள். தொண்ணூறைத் தாண்டியதும் அப்பாவுக்குப் பாதிச் சோறுதான் ஊட்ட முடிந்தது. வேறு வீடு பார்த்துப் போவதற்கும் வழியில்லை. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து மூன்று பேர் தூக்கிக்கொண்டு வந்தது பதினாறு படிக்கு. தொண்ணூறு படி இறக்க யார் வருவார்கள்?

அவள் புகார் சொல்வதை நிறுத்தவில்லை. வீட்டுக்காரரும் பாத்துக்கறேன் என்பதை நிறுத்தவில்லை. உள்ளதைச் சொன்னால், டிரைவிங் ஸ்கூல்காரர் அவரிடம் தங்கமாக நடந்துகொண்டார். அண்ணே அண்ணே என்று அழைப்பார், மாத்திரை வாங்கி வந்து தருவார், கண் டாக்டரிடம் காரில் கூட்டிப் போவார். இப்படிப்பட்டவரிடம் போய் என்னவென்று கேட்பது? ஒருநாள் மனச்சாட்சி அரித்ததால், முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு தானே ஏறி எண்ணினார். பதினாறு வந்தது. இறங்கும்போதும் பதினாறு. "நானே எண்ணிட்டேம்மா. சரியாத்தான் இருக்கு," என்று அவளிடம் சொன்னார்.

அவர் மனைவிக்கு மட்டும் பொறுக்கவில்லை. "நான் நேத்து ஏறினேன். எனக்கு நூத்தி ஒம்பது வந்துச்சு."

"எனக்கா மாடிக் கணக்கு தெரியாது? முப்பத்திரண்டு வருஷம்."

"லிப்டுல போறவருக்குப் படி எப்படித் தெரியும்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பாத்திரம் கழுவப் போனார்.

நூற்றுப் பதினொன்று ஆன பிறகு, ஒரு வியாழக்கிழமை மதியம், வீட்டுக்காரர் தொட்டியின் மிதவையைச் சரிசெய்துவிட்டு மொட்டைமாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். திருப்பத்துக்கு ஒரு படி மேலே இருக்கையில் கீழே குரல் கேட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் கையைச் சுவரில் ஊன்றிக் குறுக்கே நின்றார். அவள் இரண்டு படி கீழே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அவசரம்? உங்கப்பா எங்க ஓடிடப் போறாரு," என்றார் அவர். "இன்னும் இருக்காரா, இல்லையா?"

வீட்டுக்காரர் செய்ததை அவரே பின்னால் மனைவியிடம் ஒப்புக்கொண்டார், ஆகவே இங்கும் எழுதலாம். சத்தமில்லாமல் மேலே திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து ஒரு காலைப் பின்னால் வைத்தார். கால் ஈரச் சிமெண்டில் புதைந்தது. செருப்பு ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், கொஞ்சம் முன்பு பதினாறில் பாதியாக இறங்கி வந்த படிக்கட்டு, தலையை எவ்வளவு தூக்கியும் முடிவு தெரியாமல் நின்றது. கீழ்ப் படிகள் இன்னும் வெளுக்காமல் கருத்துக் கிடந்தன. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வழிய விடுப்பா," என்றார்.

"அட, அண்ணனா! சும்மா தமாசுக்கு..."

"நான் பாத்தேன். வழிய விடு."

டிரைவிங் ஸ்கூல்காரர் விலகினார். ஆனால் அதற்குள் அவளுடைய நாற்பது நிமிடத்தில் இருபத்தெட்டு போயிருந்தது. அவளால் ஏறி இறங்க முடியாது. வீட்டுக்காரர் கையை நீட்டி, "சாவியக் குடும்மா. நான் ஊட்டறேன். நீ வேலைக்குப் போ," என்றார். அவள் அவரையும் ஒற்றைச் செருப்போடு நின்ற அவர் காலையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். அன்று அவர் எண்ணிக்கொண்டே ஏறினார். நூற்றுப் பன்னிரண்டு. நாலு இடத்தில் உட்கார்ந்தார்.

முதல் மாடியைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் எழுத வாடகை ஒப்பந்தத்தை எடுத்தபோது, கடையில் வாங்கிய அச்சுத்தாளில் ஏழாவது விதி கண்ணில் பட்டது: குடியிருப்பவர் எவர் தொந்தரவும் இன்றி வசிக்க உரிமையாளர் பொறுப்பு. கீழே அவருடைய கையெழுத்து இருந்தது, படிக்காமல் போட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் லேசில் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷன், வக்கீல், வாய்தா என்று ஏழு மாதம் இழுத்தது. சாட்சி யார் என்று கேட்ட இடத்திலெல்லாம் வீட்டுக்காரர் நானே என்றார். அந்த ஏழு மாதமும் அவள் போகவர இருக்கும் நேரங்களில் திருப்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பல் டாக்டரிடம் போயிருந்த ஒருநாள் மட்டும் ஒரு படி கூடியது.

அந்த ஆள் சாமானோடு போன பிறகும் படிகள் குறையவில்லை. கொத்தனார் வந்து ஒன்றை இடித்துப் பார்த்தார். மறுநாள் அது இருந்த இடத்தில் இருந்தது. வீட்டுக்காரர் நோட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி கோடு போட்டு, தலைப்பு எழுதத் தெரியாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். முதல் மாடியைக் கேட்டு வருகிறவர்களை முதலில் மேலே ஏறி எண்ணிவிட்டு வரச் சொல்கிறார். பதினாறு என்று சொன்னவர்களை அனுப்பிவிடுகிறார். ஒரு தையல்காரரும் அவர் தங்கையும் வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து, நூற்றுப் பதிமூன்று, இப்படியா வீடு கட்டுவாங்க என்று திட்டினார்கள். அவர்களுக்குச் சாவி கொடுத்தார்.

அவள் அப்பாவுக்கு மதியச் சோறு இப்போதும் அவர்தான் ஊட்டுகிறார். செருப்புத் தடம் பதிந்து இறுகிப்போன படியில் ஒருமுறை, வழியில் இன்னும் மூன்று முறை உட்கார்ந்து, போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. பெரியவருக்கு வாய் குழறும். இருந்தாலும் தினமும் கேட்பார்.

"எத்தனை?"

"அதேதான்."

"கொறையலையா?"

"கொறையலைங்க."

பெரியவர் சரி என்று தலையாட்டிவிட்டு வாயைத் திறப்பார்.