அந்தோனியார் படத்துக்குப் பின்னால் ஒரு கார்

எங்கள் வீட்டுக் கார் யாருடையது என்ற கேள்விக்கான பதில் ஒன்பது வருடம் புனித அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது.

முப்பது லட்சத்துக்கு வாங்கிய வெள்ளைக் கார். மிலானில் அடுக்குமாடி வீடுகளைத் துப்புரவு செய்யும் என் அண்ணன் லாம்பர்ட் பதினைந்து லட்சம் அனுப்பினான். மெசினாவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் தங்கை மெர்லின் பத்து அனுப்பினாள். இத்தாலிக்குப் போகாத ஒரே ஆள் நான். கல்யாணச் சங்கிலியையும் நாலு வளையலையும் விற்று ஐந்து போட்டேன். சங்கிலி கட்டியவரும் படகேறி இத்தாலிக்குப் போனவர்தான். போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்கு ஒரு கடிதம் போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் கதை இதோடு முடிந்தது.

பணம் சேர்ந்தது, கார் வந்தது. யார் பெயரில் எழுதுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. பாதிப் பணம் தன்னுடையது என்றான் லாம்பர்ட். அண்ணன் பெயரில் எழுதினால் நாளைக்கு அண்ணி வந்து சாவியைப் பிடுங்குவாள் என்று மெர்லின் ஃபோனில் அழுதாள். ஓட்டப்போவது நான், போலீஸ் பிடிக்கப்போவதும் என்னை, ஆகவே என் பெயர்தான் என்று நான் நின்றேன். வர்ணகுலசூரிய வீட்டில் பிறந்தவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதிலிருந்து இறங்கி வரமாட்டோம். அந்த விஷயத்தில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே முகம். கடைசியில், விற்ற டாக்டர் அம்மாவிடம் மாற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயருக்கான கோட்டைக் காலியாகவே விட்டுவிட்டோம். எங்கள் பக்கத்தில் இதை ஓப்பன் பேப்பர் என்பார்கள். அதை அந்தோனியார் படச் சட்டத்துக்குப் பின்னால் வைத்தவள் நான்தான்.

அப்புறம் கார் ஓடியது. எங்கள் ஊர் வென்னப்புவவில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ஏர்போர்ட் என்றால் ஜசிந்தா. பாதி ஊர் இத்தாலியில் இருக்கிறது. போகிறவர்களும் வருகிறவர்களும் என் வண்டியில்தான். ஒன்பது வருடத்தில் ஒருவருக்கும் ஃப்ளைட் தவறியதில்லை. நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போன வருடத்தில் மூன்று நாள் வரிசையில் நின்று, தண்ணீரும் பிஸ்கட்டுமாகச் சமாளித்து, கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு ஆள் கொண்டுபோய் விட்டவள் நான். டயர், இன்சூரன்ஸ், லைசன்ஸ் எல்லாம் அந்தச் சவாரிக்கு வரும் ஹயர் காசில்தான். என் மகள் தினிதி நர்சிங் படிப்பதும் அதில்தான். ஆகஸ்டில் எங்கள் வீட்டு இத்தாலிக்காரர்கள் இருவரும் லீவில் வந்தால் ஒரு மாதம் சாவி அவர்கள் கையில். அந்த மாதம் நான் ஹயர் எடுக்கமாட்டேன், முணுமுணுக்கவும் மாட்டேன்.

இந்த ஆகஸ்டில் லாம்பர்ட்டும் மெர்லினும் வந்த மூன்றாம் நாள், மதியம் நண்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் என்னை "நங்கி" என்று கூப்பிட்டான். கோபமென்றால் ஜசிந்தா என்பான். தங்கை முறை சொல்லி நங்கி என்றால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

"நங்கி, காரை வித்துடலாம்."

நண்டுக்கால் என் கையிலேயே நின்றது.

"வெளிநாட்டு வண்டி இறக்க விடாம நாலு வருஷம் ஆச்சு. பழைய வண்டிக்கெல்லாம் தங்கம் மாதிரி விலை. புரோக்கர் எழுபத்திரண்டு லட்சம் சொல்றான். இறக்குமதி திறந்துட்டா இந்த விலை கிடைக்காது. எனக்கு மேல்மாடி கட்டணும். மெர்லினுக்கும் பணம் தேவை."

மெர்லின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்று புரிந்தது.

"அப்ப நான்?" என்றேன்.

"உனக்கு உன் பங்கு வரும். ஒன்பது வருஷமா என் காரை ஓட்டிச் சம்பாதிச்சிருக்கே, அதுக்கு நான் ஏதாவது கேட்டேனா?"

"உங்க காரா? எந்த வண்டிப் பதிவுப் புத்தகத்துல அண்ணே உங்க பேர் இருக்கு? எனக்கும் காட்டுங்களேன், கண்ணாடி போட்டுட்டு வந்து பார்க்கிறேன்."

"பாரு, இதுதான்! வாயைத் திறந்தா கத்தி!"

"அக்கா, அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் மெர்லின். "காசு எங்களோடது, சவாரி உனக்கு. நான் வருஷத்துல ஒரு மாசம் உட்காருறேன். அதுவும் பின் சீட்டுல. முன் சீட்டு எப்பவும் அண்ணனுக்கு."

"முன் சீட்டுல உட்கார பதினஞ்சு லட்சம் கொடுத்திருக்கேன்டி," என்றான் லாம்பர்ட்.

"நாலு தடவை டயர் மாத்தினது யாரு? கொச்சிக்கடையில லாரிக்காரன் இடிச்சு பம்பர் போனப்ப ஓடினது யாரு? மேல்மாடி உங்களுக்கு. சோறு எனக்கு. அதை வித்துட்டு நான் என்ன தேங்காய் உரிக்கப் போகவா?"

அன்று நண்டை யாரும் முழுதாகச் சாப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர்கள் முன்னால் அழுவேனா? கிணற்றடிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

மறுநாள் புரோக்கர் வந்தான். லாம்பர்ட் நாற்காலி போட்டு ஏறி அந்தோனியாரை இறக்கினான். படிவத்தை உருவினான். கரையான்! டாக்டர் அம்மாவின் கையெழுத்து இருந்த மூலையை முழுக்கத் தின்றுவிட்டு, பெயர் எழுத வேண்டிய காலிக் கோட்டை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதே ஜசிந்தா!" என்றான் அண்ணன். நங்கி போய்விட்டது.

புரோக்கர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்ப இந்தக் கார் உங்க யாரோடதும் இல்லை. புத்தகத்துல இருக்கிறவங்களோடது. அந்தம்மா உயிரோட இருந்தா புதுசா கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா கோர்ட்டுதான்."

"இருக்காங்க," என்றேன். "நீர்கொழும்புல. நல்லா இருக்காங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மெர்லின்.

"கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுபோற வீடு தெரியாதா?"

மூன்று பேரும் அதே காரில் போனோம். நான் ஓட்டினேன், லாம்பர்ட் முன் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் வயலட்டுக்கு எண்பத்தொரு வயது. காது கொஞ்சம் மந்தம், நாக்கு மந்தமில்லை. எங்களை உட்கார வைத்து, கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, லாம்பர்ட்டைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா என் பேர்லயே ஓட்டிட்டிருக்கீங்க. ஒரு தடவை போலீஸ்காரன் என் வீட்டு வாசலுக்கு வந்துட்டான். நான் மாரவில சந்தியில தொண்ணூறுல பறந்தேனாம். கைத்தடியைக் காட்டினேன். அவனே சிரிச்சுட்டான்."

லாம்பர்ட் என்னை முறைத்தான்.

"நான்தான்," என்றேன். "ஒரு பொண்ணுக்கு ஃப்ளைட் தவறப் பார்த்துச்சு."

"மறுநாளே இவ வந்தா. என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, ஸ்டேஷனுக்குப் போய் ஓட்டினது நான்தான்னு சொல்லி அபராதம் கட்டினா. அப்புறம் ஒரு கிறிஸ்மஸும் தவறல." டாக்டர் அம்மா மேசையில் நாங்கள் வைத்த புதுப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா காலிக் கோட்டுக்கு வந்தது. "இந்தத் தடவை காலியா விட்டுத் தரமாட்டேன். யார் பேரு?"

"என் பேரு," என்றான் லாம்பர்ட்.

"அண்ணன் பேர்ல போட்டா அண்ணி..." என்று ஆரம்பித்தாள் மெர்லின்.

ஒன்பது வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிட்டார்கள். அந்த வீட்டில், அந்நியர் முன்னால்! டாக்டர் அம்மா கையை உயர்த்தினார்.

"சட்டப்படி கார் என்னோடது. நான் யாருக்கு வேணும்னாலும் எழுதலாம், சரிதானே? நீங்க ரெண்டு பேரும் போட்ட காசு அவ உங்களுக்கு எப்ப தருவாளோ தரட்டும். ஓட்டுறவ பேர்லதான் எழுதுவேன். ஜசிந்தா, உன் முழுப்பேர் என்ன?"

உள்ளதைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். கார் என்னுடையது, ஊரில் தலை நிமிர்ந்து நடக்கலாம், தினிதியின் படிப்பு முடியும். சொல்வதற்கு வாயும் திறந்துவிட்டேன்.

அப்போது லாம்பர்ட் மேசைமேல் வைத்திருந்த கையைப் பார்த்தேன். தரை கழுவும் மருந்தில் ஊறி, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகம் மஞ்சளாகிப் போன கை. இருபத்தோரு வருடம் அவன் படி கழுவுகிறான். அவனுடைய பதினைந்து லட்சம் எத்தனை படியோ. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நான் மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் நின்றபோதும் இப்படித்தான் கீழே நின்று பார்த்தான்.

"டாக்டர் அம்மா, என் பேர் வேண்டாம்," என்றேன்.

"ஏன்?"

"என் பேர் ஒரு புத்தகத்துல ஏறினா, நான் கொடுத்த காசுக்குத்தான் ஏறணும். இந்தக் கார்ல என் காசு ஆறுல ஒண்ணு. மிச்சம் அஞ்சு பங்கும் மத்தவங்க உழைப்பு. தானமா வர்ற கார்ல நான் ஏர்போர்ட் போனா, ஏறுறவங்களை நிமிர்ந்து பார்க்க முடியுமா? அண்ணன் பேர்ல எழுதுங்க. வித்து அவங்கவங்க போட்ட காசுக் கணக்குல பிரிச்சுக்கட்டும்."

"அக்கா..." என்றாள் மெர்லின்.

"நீ சும்மா இரு. உன் பத்து லட்சத்தை அண்ணி சாப்பிடமாட்டா. நான் பார்த்துக்கிறேன்."

டாக்டர் அம்மா லாம்பர்ட்டின் பெயரை எழுதினார். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது லாம்பர்ட், "பைத்தியக்காரி," என்றான்.

பத்து நாளில் கார் போய்விட்டது. அது சந்தி திரும்பும்வரை நான் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் பங்கு பன்னிரண்டு லட்சம். அண்ணன் அதோடு இன்னொரு நோட்டுக் கட்டையும் வைத்தான், ஒன்பது வருடம் வண்டியைக் காப்பாற்றியதற்காம். அதை எடுத்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தேன். "ஓட்டிச் சம்பாதிச்சேன்னு சொன்னீங்கல்ல. ரெண்டும் சரியாப் போச்சு," என்றேன்.

ஊர் என்ன நினைத்தது? ஜசிந்தாவின் கதை முடிந்தது என்று நினைத்தது. ஊருக்கு ஒன்று தெரியாது. ஏர்போர்ட் போகிறவர்கள் காருக்கு ஃபோன் செய்வதில்லை, எனக்குச் செய்கிறார்கள். காரை விற்றார்கள், என் நம்பரை விற்கவில்லை. என் பங்கோடு, மாதாமாதம் கட்டிவந்த இரண்டு சீட்டுப் பணத்தையும் சேர்த்தேன். தையல் மெஷினையும் பின்வளவுத் தென்னையின் மூன்று வருடக் குத்தகையையும் பணமாக்கினேன். மாரவிலவில் மீன் வியாபாரி ஒருவரிடம் ஒரு பழைய நீல வேனை வாங்கினேன். என்னைவிட ஏழு வயதுதான் இளையது. ஒரு வாரம் எலுமிச்சையும் சோப்புமாகக் கழுவிய பிறகும் மழை பெய்தால் சூரை மீன் வாசம் வரும். இருந்தால் என்ன? விற்றவரைக் கையோடு கொழும்புக்கு அழைத்துப்போய், வரிசையில் நின்று, அதே வாரத்தில் புத்தகத்தை என் பெயருக்கு மாற்றினேன். இதில் காலிக் கோடு கிடையாது.

செப்டம்பர் முதல் வாரம் ஃபோன் அடித்தது.

"ஏர்போர்ட் போகணும்," என்றது அண்ணனின் குரல். "ஞாயிற்றுக்கிழமை, மதிய ஃப்ளைட்."

அடுத்த அறையிலிருந்துதான் பேசினான். நானும் ஃபோனிலேயே பதில் சொன்னேன்.

"எத்தனை பேர்? எத்தனை பெட்டி?"

"ரெண்டு பேர். அஞ்சு பெட்டி."

"காலை ஏழு மணிக்கு வாசல்ல இருக்கணும். காத்திருக்க மாட்டேன்."

ஆறே முக்காலுக்கே இரண்டு பேரும் நின்றார்கள். பெட்டிகளை நானே அடுக்கினேன். மெர்லின் மூக்கைச் சுருக்கினாள். நான் பார்த்த பார்வையில் நிமிர்த்திக்கொண்டாள். லாம்பர்ட் முன் கதவுக்குக் கையைக் கொண்டுபோனவன் நின்றுவிட்டான்.

"நான் எங்கே உட்காரட்டும்?"

எங்கள் வீட்டில் அவன் கேட்டு உட்கார்ந்ததே கிடையாது.

"காசு கொடுக்கிறவங்க எங்கே வேணும்னாலும் உட்காரலாம்," என்றேன்.

மெர்லினை முன்னால் ஏறச் சொல்லிவிட்டு அவன் பின்னால் ஏறினான். நீர்கொழும்பு தாண்டியதும் தண்ணீர் போத்தல் கேட்டான். மெர்லின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். மேலே வண்டிப் புத்தகம் இருந்தது. லாம்பர்ட் எட்டி வாங்கினான். கண்ணாடி போட்டுக்கொண்டு, கோயிலில் பாதர் கல்யாண அறிவிப்பு வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வாசித்தான்.

"வர்ணகுலசூரிய மேரி ஜசிந்தா." புத்தகத்தை மூடிவிட்டு, "நம்ம வீட்டுலயே முதல் வண்டி," என்றான்.

"அந்தக் கார்?" என்றாள் மெர்லின்.

"அது டாக்டரோடது," என்றான் அண்ணன்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கண் கரித்தது. ஓட்டும்போது அழுகிற பழக்கம் எனக்கில்லை.

கட்டுநாயக்கவில் பெட்டிகளை இறக்கினேன். மெர்லின் கட்டிப்பிடித்து அழுதாள். லாம்பர்ட் பர்ஸை எடுத்தான்.

"எவ்வளவு?"

"எட்டாயிரம். எல்லாருக்கும் அதுதான்."

சந்தையில் தக்காளிக்குக்கூடப் பத்து நிமிடம் நின்று பேரம் பேசுகிறவன் என் அண்ணன். ஆயிரம் ரூபாய்த் தாள்களாக எட்டை எண்ணி என் கையில் வைத்தான். குறைக்கச் சொல்லவில்லை, ஒரு தாள் கூடவும் வைக்கவில்லை.