நாலு புள்ளி ஒன்று

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை இன்குபேட்டரில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவன் மனைவி மாடிப்படியில் நின்று பெருமையாகச் சொன்னபோது, கீழ்வீட்டுக்காரி பதறிப்போய், "ஐயோ, எத்தனை கிலோ?" என்று கேட்டாள். எண்பத்தொரு கிலோ, நாற்பத்து மூன்று வயது என்று தெரிந்ததும் தெருவுக்கு ஒரு வாரம் சிரிக்க விஷயம் கிடைத்தது. குறைமாதக் குழந்தையை வைக்கிற கண்ணாடிப் பெட்டி இல்லையாம் அது. குறைமாதத் தொழிலை வைத்துக் காப்பாற்றுகிற கட்டடமாம்.

பழைய அச்சகம் ஒன்றைச் சுண்ணாம்பு அடித்து மாற்றியிருந்தார்கள். உட்கார ஒரு மேசை, சாலிடர் வைக்க ஒரு பட்டறை, ஒப்பந்தம் எழுதித் தர ஒரு வக்கீல், வாரத்துக்கு ஒரு மணி நேரம் திட்டுவதற்கு ஒரு ஆலோசகர். எல்லாம் ஆறு மாதத்துக்கு. அதற்குள் எழுந்து நடந்தால் பிழைத்தது. இல்லையென்றால் மேசையைக் காலி செய்துவிட்டுப் பழையபடி ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டியதுதான். அந்த ஆலோசகர் அம்மாள் இரண்டு கம்பெனி ஆரம்பித்து இரண்டையும் மூடியவர். அதனால்தானோ என்னவோ, அவரிடம் யோசனை கேட்க எப்போதும் வரிசை நிற்கும்.

மெக்கானிக் சுத்தப் பயந்தாங்கொள்ளி. ரிப்பேருக்குக் கூப்பிட்டால், வீட்டில் நாய் உண்டா என்று முதலில் கேட்பான். பூனையைப் பற்றியும் விசாரிப்பான் என்பது அவன் மச்சினி சொல்லும் உபரித் தகவல். அக்காளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவனைக் கிண்டல் செய்வதை அவள் ஒரு கடமையாகவே வைத்திருந்தாள். இந்தத் தொழிலில் யோசனை அவனுடையது, கம்ப்யூட்டர் வேலை அவளுடையது.

சரக்கு என்னவென்றால் உள்ளங்கை அளவு ஒரு பெட்டி. மருந்துக்கடை ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் குளிரை அளந்து காட்டும். இன்சுலின் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஜாதி. அதற்குள் இருந்தால் பச்சை விளக்கு. தாண்டினால் சிவப்பு விளக்கும், செத்தவனை எழுப்புகிற சத்தமும்.

முதல் முறை விருந்தாளிகள் முன்னால் காட்டியபோது அந்தச் சத்தம் காரணமே இல்லாமல் கிளம்பி, அடங்க மாட்டேன் என்று ஊளையிட்டது. "காட்டறதுக்குன்னு தனியா ஒரு பெட்டி வச்சுக்கங்க. அது எப்பவும் ஒழுங்கா இருக்கிற மாதிரி செஞ்சுடுங்க" என்றார் ஆலோசகர். மச்சினி செய்தாள். அந்தப் பெட்டியைக் கொதிக்கிற உலையில் போட்டாலும் நாலு புள்ளி ஒன்று என்று காட்டும். நம்பும்படி இருக்கட்டும் என்று நடுநடுவே மூன்று புள்ளி ஒன்பதும் காட்டும். நிஜப் பெட்டியோடு குழம்பாமல் இருக்க அதன் அடியில் ஒரு நீலப் பொட்டு ஒட்டியிருந்தார்கள்.

ஐந்தாவது மாதம் வருவது வாய்ப்பூட்டு நாள். அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் அது. முதல் வாடிக்கையாளரை அழைத்து வந்து மூன்று நடுவர்கள் முன்னால் உட்கார வைக்க வேண்டும். செய்தவர் பின்வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். போன தடவை ஒருத்தன் தாங்க முடியாமல் நடுவில் புகுந்து வாடிக்கையாளரைத் திருத்தினான். மறுநாள் அவன் மேசையில் வேறொருத்தர் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக்கின் முறை வெள்ளிக்கிழமை இரண்டு மணி. அவன் அழைத்திருந்தது, முதல் பெட்டியைத் தன் ஃப்ரிட்ஜில் மாட்டிக்கொண்ட மருந்துக்கடை அக்காவை. பன்னிரண்டு மணிக்கு, காட்சிப் பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று இழுப்பறையிலிருந்து எடுத்தான். திருப்பினான். நீலப் பொட்டு இல்லை.

சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். இழுப்பறையைக் கவிழ்த்தான். மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினான். பொட்டு விழுந்திருக்கும் என்று நம்ப மனது என்னமாய்த் துடித்தது! பெட்டியை ஜன்னல் வெயிலில் வைத்தான். முப்பத்திரண்டு என்று காட்டிச் சிவப்பாகி அலறியது.

அது நிஜப் பெட்டி. அப்படியானால் மருந்துக்கடையில் பன்னிரண்டு நாளாக ஒட்டியிருப்பது?

கடையில் மாட்டின அன்றைக்குக் காலையில் யாரோ நான்கு பேருக்குப் பெட்டியைக் காட்டிவிட்டு, அதே கையோடு பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடியது ஞாபகம் வந்தது. அதைவிட மோசமான ஞாபகம் ஒன்றும் கூடவே வந்தது. அந்தக் கடை ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட்டுக்கு ஒட்டிக்கொள்கிற வியாதி இருந்தது. ஒட்டிக்கொண்டால் மிஷின் நிற்காமல் ஓடி உள்ளே எல்லாவற்றையும் பாறையாக்கிவிடும். "மாத்திடுங்கக்கா" என்று அவன் சொல்லியிருந்தான். "அதான் உங்க பெட்டி கத்துமே தம்பி, அப்ப பார்த்துக்கலாம்" என்று மருந்துக்கடை அக்கா சொல்லிவிட்டாள்.

கடைக்குப் போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை. அக்காவுக்குப் போட்டான். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள், அடித்து நின்றது.

மச்சினி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் கிண்டலே செய்யவில்லை. அதுவே அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மாமா, மெதுவாப் பேசுங்க. யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்ல. இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்வீங்க? பொம்மையை மாட்டிட்டு வந்துட்டேன்னா? அஞ்சு மாசம் ராப்பகலா உழைச்சது போச்சு. மூணு மணிக்கு இது முடிஞ்சிடும். நாலு மணிக்கு நாமளே கடைக்குப் போறோம், பெட்டியை மாத்தறோம். ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடிட்டிருக்கும்."

"ஓடலைன்னா?"

"ஏன் எப்பவும் கெட்டதையே நினைக்கறீங்க? நாய் இல்லாத வீட்லயும் உங்களுக்குத்தான் குரைக்கிற சத்தம் கேக்கும்."

நாலு மணி. நான்கு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? பயந்தவனுக்குத் தள்ளிப்போடுவது போல இனிப்பான மருந்து வேறு கிடையாது. தலையாட்டினான்.

இரண்டு மணிக்கு அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே பிடித்து ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்க எழுந்தான். அதற்குள் அலுவலகப் பெண் அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டாள்.

பின்வரிசை நாற்காலியில் அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான்.

"பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார் நடுவில் இருந்த கண்ணாடிக்காரர்.

"தங்கம் சார். பன்னெண்டு நாளா ஒரு சத்தம் கிடையாது. என் மருமக பன்னெண்டு நிமிஷம் அப்படி இருந்து நான் பார்த்ததில்ல."

நடுவர்கள் சிரித்தார்கள். ஆலோசகர் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணாலேயே சபாஷ் சொன்னார். அவன் முகம் வெளிறிக் கிடந்ததை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"முன்னெல்லாம் காலையிலயும் சாயங்காலமும் தெர்மாமீட்டர் பார்த்து நோட்ல எழுதுவேன். இப்ப தெர்மாமீட்டரைத் தூக்கி டிராயர்ல போட்டாச்சு."

"ஒரு தடவைகூடச் சந்தேகம் வரலையா?"

"பொய் சொல்வானேன், ஒரே ஒரு தடவை வந்துச்சு. திங்கக்கிழமை காலையில குடிக்கறதுக்குத் தண்ணி பாட்டிலை எடுக்கறேன், ஐஸா நிக்குது! பக்குனு ஆயிடுச்சு. உடனே பெட்டியைப் பார்த்தேன். நாலு புள்ளி ஒண்ணு. அட, பாட்டில் பின்பக்கத்துல ஒட்டியிருந்திருக்கும்னு விட்டுட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே ஒரு ஸ்கூல் வாத்தியார் வந்து பொண்ணுக்கு இன்சுலின் வாங்கினார். பதினோரு வயசுப் பொண்ணு, தினம் நாலு ஊசி. 'நல்ல குளிர்ல வச்சிருந்தீங்களா'ன்னு கேட்டார். வாயால பதில் சொல்லல சார், பெட்டியைக் காட்டினேன். சந்தோஷமா வாங்கிட்டுப் போனார்."

உறைந்து இளகின இன்சுலின் பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கும். ஊசியில் ஏறும், உடம்பில் இறங்கும். வேலைதான் செய்யாது. இருபது வருடம் மருந்துக்கடை ஃப்ரிட்ஜுகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரியாதா? திங்கட்கிழமை விற்றது உறைந்த மருந்து என்று அந்த அறையிலேயே புரிந்தது அவன் ஒருத்தனுக்குத்தான். திங்கள் சாயங்காலத்திலிருந்து இன்றுவரை நாலு நாள் என்று மனசு எண்ணியது. நாலு நாலா பதினாறு ஊசி.

அவன் எழுந்தது அவனுக்கே தெரியவில்லை. நாற்காலி கவிழ்ந்த சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா, அது பொய்ப் பெட்டி."

மச்சினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆலோசகர், "உட்காருங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காட்டறதுக்கு வச்சிருந்ததை உங்க கடையில மாட்டிட்டேன். அது எப்பவும் நாலுதான் காட்டும். உங்க ஃப்ரிட்ஜ் உறைஞ்சு போயிருக்கு. அந்த மருந்தெல்லாம் செத்துப்போச்சுக்கா. அந்தப் பொண்ணு தண்ணியைத்தான் போட்டுக்கிட்டிருக்கு."

"இங்க உள்ள விதி தெரியும்ல?" என்றார் கண்ணாடிக்காரர், பழக்க தோஷத்தில்.

"தெரியும் சார். மேசையை எடுத்துக்கங்க. யாராவது அந்த வாத்தியாருக்குப் போன் போடுங்க."

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் ஃப்ரிட்ஜ் என்ன, அடுப்பே உறைந்துபோகும். "பாவி, என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டியே! வீதி பூரா என்னை நம்பி வாங்குதுடா!" என்று கத்திக்கொண்டே கடைக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை கடையில் எடுத்தார்கள். தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. மைனஸ் மூன்று.

திங்கள் முதல் ஐந்து பேர் இன்சுலின் வாங்கியிருந்தார்கள். நான்கு பேர் போனை எடுத்தார்கள், அந்த மருந்தைத் தொட வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வாத்தியார் மட்டும் எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பார். ரசீதுப் புத்தகத்தில் வீட்டு விலாசம் இருந்தது.

ஆலோசகர் காரை எடுத்தார். வக்கீல் மாடிப்படி வரை கூடவே ஓடிவந்து, "எதையும் மறைக்காதீங்க. யார்கிட்ட எத்தனை மணிக்கு என்ன சொன்னீங்கன்னு எழுதி வச்சுக்கங்க" என்றார். அக்கா வழியில் வேறொரு கடையில் இறங்கிப் புது மருந்து வாங்கி, மடியில் பச்சைக்குழந்தை போல வைத்துக்கொண்டாள். மச்சினி முன் ஸீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"காட்சிப் பெட்டி செய்யச் சொன்னது நான்தான்" என்றார் ஆலோசகர், சிக்னலில் நிற்கும்போது. "என் முதல் கம்பெனி ஏன் மூடினேன் தெரியுமா..."

"இப்ப வேணாம் மேடம்" என்றான் மெக்கானிக். கட்டடத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவரும் சரி என்று ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

கதவைத் திறந்தது பெண்ணின் அம்மா. உள்ளே சோபாவில் அந்தப் பெண் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தரையில் மூன்று காலித் தண்ணீர் பாட்டில்கள். மூச்சு வேகவேகமாக வந்தது.

"நாலு நாளா சுகர் ஏறிக்கிட்டே போகுது. இப்பத்தான் வாந்தி எடுத்தா" என்றாள் அம்மா. "திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடறான்னு நேத்து அவங்கப்பா அலமாரியையே பூட்டிட்டார். நீங்க யாரு?"

அக்கா சொல்லத் தொடங்கினாள். முடிக்கவில்லை. புது மருந்தை அம்மா கையில் திணித்துவிட்டுப் பெண்ணைத் தூக்கினாள். காரில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள், பின்ஸீட்டில் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்த மெக்கானிக்குக்கு நாய் என்ன, புலியே வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "சரியாயிடும். இன்னிக்கு ராத்திரியைத் தாண்டிக் கூட்டிட்டு வந்திருந்தா நான் வேற பேச்சுப் பேசியிருப்பேன்."

வாத்தியார் மூச்சு வாங்க ஓடி வந்தார். "யாரு அந்தப் பெட்டிக்காரன்?"

மெக்கானிக், வகுப்பில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். வாத்தியார் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அவனைத் தாண்டி, மகள் படுத்திருந்த அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

"நான் சாப்பிடலைன்னு சொன்னேன்ல?" என்றது ஒரு ஈனக்குரல். "சொன்னேனா இல்லையாப்பா?"

"நீ சொன்னேம்மா... என் தப்புத்தான்மா."

"அலமாரியைத் தொறந்து விடுங்க."

மெக்கானிக் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். மச்சினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. நாலு மணிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதை அவனும் சொல்லிக் காட்டவில்லை, அவளும் பேச்செடுக்கவில்லை.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு நடுவர்கள் கூப்பிடறாங்க" என்றார் ஆலோசகர், போனைப் பார்த்துக்கொண்டே. "என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. நானும் வந்து பக்கத்துல நிக்கறேன்."

அவன் தலையாட்டினான். திங்கட்கிழமைக்குப் பயப்பட இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்கு முன்னால் பயப்பட வேறு வேலை இருந்தது.

"மேடம், மத்த நாலு பேரும் போன்ல சரி சரின்னுதான் சொன்னாங்க. மருந்தைக் கீழ கொட்டினாங்களான்னு யாருக்குத் தெரியும்? பார்க்க நல்லாத்தானே இருக்கும்."

ஆலோசகர் கார்ச் சாவியைக் கையில் எடுத்தார். அக்கா ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து, அவன் முகத்தைப் பார்க்காமலே, முதல் விலாசத்தைச் சத்தமாகப் படித்தாள்.