சுண்டுவிரல் நுழையும் இடைவெளி

பம்பரம் என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரியை அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்காதீர்கள். கூப்பிட்டால் அவளே சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷமாக ஒரு விளம்பரப் படக் கூடத்தில் உட்கார்ந்து, கணினித் திரையில் உருவங்களைச் சுற்றவிட்டதுதான் அவள் பிழைப்பு. கனசதுரம் சுற்றும், கூம்பு சுற்றும், நட்சத்திரம் சுற்றும், கடைசியில் ஒரு சோப்பின் பேர் பளிச்சென்று வந்து நிற்கும். சோப்புக்குப் பேர் உண்டு. சுற்றிவிட்டவளுக்குக் கிடையாது.

அந்த வேலையைப் போன வருஷம் விட்டாள். தன் கையாலேயே ஓர் உருவம் செய்ய வேண்டும், அதன் கீழே தன் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இருபது முக்கோணங்கள் சேர்ந்த உருண்டை மாதிரி ஒன்றை ஒன்றரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், இடுப்பு உயரத்துக்குச் செய்வது. அதுவே சுற்றுகிற மாதிரி ஒரு அனிமேஷன் படமும் செய்வது. நகரக் கண்காட்சி மண்டபத்தின் நடுக்கூடத்தில் உருவம் நிற்கும், பின்சுவரில் படம் ஓடும். அடுத்த மாதம் வேறோர் ஊர்க் கண்காட்சிக்குப் படம் மட்டும் போகும். படம் எப்போதோ முடிந்துவிட்டது. வினை தகட்டில் வந்தது.

அவளுடைய அக்கா தையல்காரி. இரண்டு பேரும் ஒரே வீடு. முன்னறையில் பாதி அக்காவின் தையல் எந்திரம், பாதி தங்கச்சியின் இரும்பு. தகட்டுப் பட்டறைக்காரர் தன் மடிக்கிற எந்திரத்தை மூன்று நாள் விட்டுக்கொடுத்தார். பற்றவைக்கவும் கூட நின்றார். மேல்மூடி ஐந்து முக்கோணம், கீழ்மூடி ஐந்து, நடுவில் பத்து முக்கோணம் கொண்ட ஒரே பட்டை. அந்தப் பட்டையை ஒன்பது இடத்தில் மடித்துச் சுற்றிக் கொண்டுவந்தால், கடைசி விளிம்பு முதல் விளிம்போடு சேர மாட்டேன் என்றது. நடுவில் சுண்டுவிரல் நுழையும். எப்படி இழுத்தும் பட்டை வளையவில்லை.

அளவை மறுபடி மறுபடி பார்த்தாள். திரையில் இருந்த அளவு அப்படியே இருந்தது. அக்காதான் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏண்டி, கோட்டுத் துணியை மடிச்சா மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்னுடும். அதுக்குத் தனியா விட்டுத்தான் வெட்டுவேன். நீ எவ்வளவு விட்டே?"

பம்பரம் வரைபடத்தைத் திரும்பப் பார்த்தாள். ஒன்றுமே விடவில்லை. பத்தொன்பது வருஷம் திரையிலேயே வாழ்ந்தவள் அல்லவா, அங்கே எந்தத் தகட்டுக்கும் கனம், அதாவது தடிமன், கிடையாது. இரும்புக்குக் கனம் உண்டு என்பது கைக்குத் தெரிந்திருந்தது, கணக்குக்குத் தெரியவில்லை.

"ஒன்பது மடிப்புக்கு ஒன்பது தடவை தின்னிருக்கு," என்றாள் மெதுவாக.

"பசியெடுத்த தகடு," என்றாள் அக்கா.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கண்காட்சிப் பொறுப்பாளர் பார்வையிட வந்தார். சின்ன வயது, சலவைச் சட்டை, ஊசி குத்திவிடுமோ என்று எந்த நாற்காலியிலும் உட்காராமல் நின்றே பேசினார்.

"மேடம், இது என்ன இடைவெளி?"

"தகடு சேரலை சார். மடிப்புக்கு அளவு விட மறந்துட்டேன்."

"படத்துல சேருதே?"

"படத்துல தகட்டுக்குக் கனம் இல்லையே சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கண்காட்சிக் குழு ஒரு நிபந்தனை போட்டிருக்கு. எழுத்துலயே இருக்கு. படமும் உருவமும் ஒண்ணுபோல இருக்கணும். திறப்புக்கு முந்தின நாள் காலையில வந்து பார்ப்பாங்க. விளம்பரத்தாள் வேற அச்சடிச்சாச்சு." பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். ஓட்டை அடைக்கிற பட்டி. "இதை வெச்சு அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சிடுங்க. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அப்படின்னா உங்க கணினிக் கோப்பை அனுப்புங்க. ஒரு கம்பெனி நாலு நாள்ல பிளாஸ்டிக்ல அச்சுப்போட்டுத் தந்துடும், அச்சு அசலா. கீழ உங்க பேர்தான் இருக்கும்."

"நான் செய்யாததுக்கு என் பேரா?"

"மேடம், நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணுபோல இல்லேன்னா நடுக்கூடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். உங்களுக்குப் படிக்கட்டுக்குக் கீழ ஒரு சின்ன டிவி. படம் மட்டும்."

அவர் போனதும் அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடைச்சிட்டுப் போயேன்டி. வேலையும் போச்சு, இந்த இடமும் போகணுமா? நான்கூட வாடிக்கைக்காரங்க கால்சட்டையில ஒட்டுப் போட்டுத் தரேன். யாரு குனிஞ்சு பார்க்கறா?"

"பட்டறை அண்ணன்கிட்ட வேற தகடு வாங்கி மறுபடி மடிக்கலாம்னா, அவர் எந்திரத்துக்கு ஒரு கூரை வேலை வந்திருக்காம். வாரம் முழுக்கக் காலி இல்லையாம்."

"அப்ப டப்பாவைத் திற."

பம்பரம் திறக்க உட்கார்ந்தாள். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளும் மனுஷிதானே, பத்து நாளில் எத்தனையைத்தான் எதிர்ப்பாள். மூடியில் கத்தியைக் கொடுத்து நெம்புவதற்கு முன், இரண்டு பேருமாக உருவத்தைத் தூக்கி அக்காவின் சுழல் நாற்காலி மேல் நிறுத்தினார்கள், சுற்றிச் சுற்றிப் பூச வசதியாக இருக்குமே என்று.

"மெதுவா சுத்து அக்கா. எங்கெங்க பூசணும்னு பார்த்துக்கறேன்."

அக்கா சுற்றினாள். முக்கோணங்கள் வந்தன, போயின. இடைவெளி வந்தது, போனது. மறுபடி முக்கோணங்கள். மறுபடி இடைவெளி.

"நிறுத்தாதே. இன்னொரு சுத்து."

"பூசப்போறியா, வேடிக்கை பார்க்கப்போறியா?"

"இன்னும் ஒண்ணு."

மூன்றாவது சுற்றில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். இந்த இருபது முக உருவத்தை உச்சியில் பிடித்துச் சுற்றினால், ஐந்தில் ஒரு பங்கு சுற்றியதுமே அது பழையபடி தெரியும். எது முதல் முகம், எது இரண்டாவது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் படக் கூடத்தில் ஒரு வழக்கம். முழுச் சுற்றுக்கு முந்நூற்றறுபது தனித்தனிப் படம் வேண்டும். ஆனால் எழுபத்திரண்டு வரைந்தால் போதும், அதையே ஐந்து தடவை ஓட்டினால் பார்க்கிறவன் முழுச் சுற்று என்று நம்பிவிடுவான். முதலாளி அதற்காகத்தான் இந்த மாதிரி உருவங்களை விரும்பினார். பம்பரத்தின் படமும் அந்தப் பழக்கத்தில் செய்ததுதான். எழுபத்திரண்டு, ஐந்து தடவை.

"அக்கா, என் படம் சுத்தவே இல்லை."

"என்னடி உளர்றே, எத்தனை தடவை போட்டுக் காட்டினே?"

"கொஞ்சம் திரும்பும், பழைய இடத்துக்கே குதிச்சு வரும், மறுபடி கொஞ்சம் திரும்பும். பத்தொன்பது வருஷமா நான் எதையும் முழுசா சுத்தினதே இல்லை. இது சுத்துது. அந்த இடைவெளி போயிட்டுத் திரும்பி வருது பாரு, அதனாலதான் சுத்துதுன்னே தெரியுது."

அக்கா உருவத்தைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். "அந்தப் பையன் ஒண்ணுபோல இருக்கணும்னானே."

"இருக்கும். இரும்பை மாத்த மாட்டேன். படத்தை மாத்தறேன்."

அன்றைக்கே அக்காவின் அளவுநாடாவை நாற்காலியின் விளிம்பில் சுற்றி முந்நூற்றறுபது கோடு போட்டாள். அக்கா ஒரு கோடு திருப்புவாள், பம்பரம் ஒரு புகைப்படம் எடுப்பாள், உடனே திரையில் அதன் மேலேயே வரைவாள், கனம் உள்பட, இடைவெளி உள்பட. இருந்தது ஒன்பது நாள். நாளுக்கு நாற்பது. நாற்காலி பறிபோனதால் அக்கா நின்றுகொண்டே தைத்தாள். கால்சட்டை வாங்க வந்த ஒருவர், "எப்பம்மா கிடைக்கும்?" என்று கேட்டதற்கு, "அது நாற்பதாவது கோடு தாண்டட்டும்," என்று அவள் சொல்ல, அவர் ஒன்றும் புரியாமல் நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

ஐந்தாம் நாள் பட்டறைக்காரர் வாசலில் வந்து நின்றார், கை நிறைய எந்திர மசியோடு.

"பம்பரம்மா, கூரை வேலை தள்ளிப்போயிடுச்சு. எந்திரம் காலி. தகடும் எடுத்து வெச்சிருக்கேன். வா, மடிப்புக்கு அளவு விட்டு, இந்தத் தடவை கச்சிதமா மூடிடலாம்."

அக்கா தையலை நிறுத்திவிட்டாள். சரிபண்ணுவதற்கான வழி, நேர்மையான வழி, வாசலுக்கே நடந்து வந்து நிற்கிறது. பம்பரம் ஒரு தடவை உருவத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணே."

"தப்பைத் திருத்த வேண்டாமா?"

"தப்புதான். நான் செஞ்ச தப்பு. ஆனா இது இப்ப என்னோட உருவம். மூடினதை நான் ஆயிரம் செஞ்சாச்சு, ஒண்ணுலயும் என் பேர் இல்லை."

பட்டறைக்காரர் கிட்டே வந்து, இடைவெளியில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அவருடையது தடித்த விரல், பாதிதான் போனது. "சரி, அப்படின்னா உள்ளே கூரா இருக்கிற விளிம்பையாவது அரம் போட்டு விடறேன். பிள்ளைங்க விரலை விடுவாங்க," என்றார்.

அன்று சாயங்காலம் இருநூறாவது படம் முடிந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். பழைய படத்தை, எழுபத்திரண்டை ஐந்து தடவை ஓட்டிய அதை, கணினியிலிருந்து அழித்தாள். பிரதி வைத்திருந்ததையும் அழித்தாள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணாவது வெச்சிருக்கக் கூடாதாடி?"

"வெச்சிருந்தா கேட்பாங்க. கேட்டா கொடுத்துடுவேனோன்னு பயம்."

திறப்புக்கு முந்தின நாள் காலை. பட்டறைக்காரரின் வண்டியில் உருவம் வந்து இறங்கியது, தையல் பையோடு அக்காவும் கூட வந்தாள். நடுக்கூடத்துக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். வாசனை இன்னும் போகவில்லை. பம்பரம் படத்தைப் பின்சுவரில் ஓடவிட்டாள். குழுவில் மூன்று பேர் வந்திருந்தார்கள், பொறுப்பாளர் கையில் விளம்பரத்தாள். சுவரில் இருபது முகமும் மெல்லத் திரும்ப, இடைவெளி இடது பக்கமாக வந்தது, நடுவுக்கு வந்தது, நழுவிப் போனது. எல்லாரும் அது திரும்பி வருகிறதா என்று காத்திருந்தார்கள். வந்தது.

"படத்தை மாத்திட்டீங்களா?" என்றார் பொறுப்பாளர்.

"ஒண்ணுபோல இருக்கணும்னீங்க. இருக்கு."

"நான் சொன்னது அப்படி இல்லை. பழைய படத்தைப் போடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

"பழையது இல்லை. அழிச்சாச்சு. அடுத்த மாசம் அந்த ஊருக்கும் இதுதான் போகுது."

"விளம்பரத்தாள்ல மூடின உருவம் இருக்கு மேடம்."

"அது நீங்க அடிச்சது."

குழுவில் வயதானவர் நிபந்தனைத் தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு தடவை வாசித்தார். பிறகு சுவரைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார். கிட்டே போய் இடைவெளியில் விரல் விட்டு, வெளியே எடுத்தார். "எழுதியிருக்கிறபடி சரியாத்தான் இருக்கு," என்று சொல்லித் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பொறுப்பாளருக்கு முகம் சுருங்கியது. "ஆனா சுவத்துல ஒரு கோடு தெரியுதே, மேலேர்ந்து கீழ வரைக்கும்? அதையும் வரைஞ்சிருக்கீங்களா?"

பம்பரம் திரும்பிப் பார்த்தாள். உருவம் சுற்றச் சுற்ற அந்தக் கோடு மட்டும் அசையாமல் நின்றது. புது வெள்ளைக்கு அடியில் சுவரே விரிசல் விட்டிருந்தது.

அக்காவின் தையல் பையிலிருந்து அந்தப் பட்டி டப்பாவை எடுத்தாள். மூடி திறக்கவே இல்லை. அவர் கையில் வைத்தாள்.

"அது என்னுது இல்லை தம்பி, உங்க மண்டபத்துது. சாயங்காலத்துக்குள்ள அடைச்சிடுங்க. என் படத்துல இல்லாத கோடு எதுவும் தெரியக் கூடாது."

அவர் டப்பாவோடு நின்றார். பிறகு ஏணி எங்கே என்று ஆளைக் கேட்டுக்கொண்டு போனார். அக்கா ஒன்பது நாளுக்கு அப்புறம் கிடைத்த ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சுற்று எண்ண ஆரம்பித்தாள். இடைவெளி வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினாள்.