ஃபிளாஸ்க் மூடியில் பார்லித் தண்ணீர்

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த விளம்பர நிறுவனத்துக்குக் கிள்ளானிலிருந்து நல்லம்மாள் வந்தார். வயது அறுபத்து மூன்று. காதுகேட்கும் கருவி அணியத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவரை வரச் சொன்னது அமுதவள்ளி. அந்த நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதுகிறவள். அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழில் நிருபர். அங்கிருந்து அவள் கொண்டுவந்த பழக்கம் ஒன்றுதான்: ஆட்களிடம் கேட்காமல் எழுதுவதில்லை. எந்தப் பொருளானாலும் முதல் பத்து நாள் கணினியைத் திறக்கமாட்டாள். அதை வாங்கியவர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். பொருளைப் பற்றிக் கேட்பதில்லை. கடைக்குப் போவதற்கு முந்தைய நாள் வீட்டில் என்ன நடந்தது என்றுதான் கேட்பாள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, அட்டைக்கு ஒரு வாக்கியமாக, மஞ்சள் அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவாள். பிறகு நின்றபடி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பாள். எந்த அட்டையில் குரல் தடுக்குகிறதோ அதுவே தலைப்பு.

"விளம்பரம் எழுதுறியா, கேஸ் கண்டுபிடிக்கிறியா? உன் சுவத்தப் பாத்தா எனக்கே பயமா இருக்கு லா" என்பார் முதலாளி விஜயன். ஆனால் அவள் எழுதியது விற்கும். அதனால் சுவரை அவர் தொடுவதில்லை.

'ஒலிமலர்' என்ற காதுக்கருவிக் கடைக்காக வந்த பத்துப் பேரில் நல்லம்மாள் ஏழாவது ஆள். தகர டப்பா தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். காது அங்கேதான் போனது. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். மகள் வாணி செமினியிலிருந்து வந்து பிடிவாதமாகக் கடைக்கு இழுத்துக்கொண்டு போன கதையையும் சொன்னார். பிறகு பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் அமுதவள்ளி மனத்துக்குள் ஏழு வரை எண்ணுவாள். அதற்குள் தான் வாயைத் திறக்கக் கூடாது. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் ஆட்கள் சொல்ல வந்ததைச் சொல்வார்கள் என்பது அவள் கண்ட அனுபவம்.

ஆறில் நல்லம்மாள் பேசினார். "எங்க வீட்டுக்காரரு தம்புசாமி போன நவம்பர்ல செத்தாரு மா. ஆஸ்பத்திரில நான் மட்டும்தான் பக்கத்துல. ஃபிளாஸ்க் மூடில பார்லித் தண்ணி ஊத்தி, ஸ்பூன்ல தொட்டுத் தொட்டு உதட்டுல வச்சுக்கிட்டு இருந்தேன். வாய் அசைஞ்சுச்சு. ரெண்டு தடவ என்னமோ சொன்னாரு. காதக் கொண்டுபோயி வாயிலயே வச்சேன். மூச்சுதான் சுட்டுச்சு. என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கல."

அமுதவள்ளி எழுதவில்லை. மறுபடியும் எண்ணினாள்.

"மவன்கிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன்" என்றார் நல்லம்மாள்.

மகன் பெயர் சிவநேசன். போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். வாணியின் கல்யாணத்தன்று, மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால், தகப்பன் அவனை அறைந்திருக்கிறார். அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவன் ஆறு வருடம் பேசவில்லை. சாகக் கிடக்கிறார் என்று சொல்லியும் வரவில்லை.

"செத்தப்புறம் வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறான். உள்ள வரமாட்டேங்கிறான். 'கொள்ளி நான் வைக்கல, மாப்ள வைக்கட்டும்'ங்கிறான். எனக்கு வேற வழி தெரியல மா. 'உன்னத்தான்டா கேட்டாரு, நேசன் வந்துட்டானா, நேசன் வந்துட்டானான்னு ரெண்டு தடவ கேட்டாரு'ன்னுட்டேன். அப்பத்தான் அழுதான். கொள்ளி வச்சான். இப்ப ஞாயித்துக்கிழமையானா வந்துடுவான். சாப்ட்டுட்டு அப்பா படத்துக்குக் கீழயே கொஞ்ச நேரம் படுத்துக் கெடப்பான். நவம்பர்ல மொத வருஷத் திதி. அவன்தான் குடுக்கணும். இப்பவே லீவு சொல்லி வச்சுட்டான்."

கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: "இதெல்லாம் எதுல வரும்?"

"தமிழ் பேப்பர்ல ஆன்டி. உங்க பேரு வராது. மகனைப் பத்தி ஒரு வார்த்தை வராது."

"பேப்பர்னா போட்டுக்கோ. அவன் மலாய் ஸ்கூல்ல படிச்சவன், தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாது. என்ன மாதிரி இன்னொருத்தி இருப்பால்ல, அவளாவது புருசன் இருக்கறப்பவே போயி மாட்டிக்கட்டும்." எழுந்தவர் சிரித்தார். "அவனுக்கு நாள் பூரா ரேடியோதான் தொண. செவிட்டுப் பொம்பளைக்கு ரேடியோப் பைத்தியமா ஒரு புள்ள, பாரேன்."

அதையும் அமுதவள்ளி ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

விளம்பரம் செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. 'கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை' என்பது தலைப்பு. பெயரையும் வயதையும் ஊரையும் மாற்றியிருந்தாள். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. யாரும் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாத ஒரு சிறு விஷயம் இருந்தால்தான் படிக்கிறவர்கள் மிச்சத்தையும் நம்புவார்கள். ஃபிளாஸ்க் மூடி அப்படியே இருந்தது. ஒலிமலரின் மூன்று கிளைகளிலும் இரண்டு வாரத்துக்கு இலவசப் பரிசோதனைக்கு இடமில்லாமல் போனது.

அக்டோபர் முதல் வாரத்தில் விஜயன் அவள் மேசைக்கு வந்தார். "ரேடியோ கேக்குறாங்க. தீபாவளி வரைக்கும் ஓடும். முப்பது செகண்ட். இதே கதை."

"அது பேப்பருக்கு மட்டும்னு சொல்லி வாங்குனது பாஸ்."

"பேரு இல்ல, ஊரு இல்ல. யாருக்குத் தெரியப் போவுது? வேணும்னா இன்னும் மாத்து லா."

மற்ற ஒன்பது பேர் சொன்னதில் வேறொன்றை எடுத்து எழுதிப் பார்த்தாள். பேரனின் பேச்சுக் கேட்காத தாத்தா, தொலைபேசியைக் கண்டு பயந்த ஆசிரியை. எதிலும் குரல் தடுக்கவில்லை. ஒரு மதியம் நல்லம்மாளுக்கு இரண்டு முறை போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மதியத் தூக்கத்துக்கு அவர் கருவியைக் கழற்றி வைப்பார் என்பது அமுதவள்ளிக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் கூப்பிடலாம் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை ஒலிப்பதிவு. ஊரை ஈப்போ ஆக்கி, ஆஸ்பத்திரியை வீடாக்கி, பார்லித் தண்ணீரை எடுத்துவிட்டிருந்தாள். குரல் கொடுக்க வந்த பெண் நன்றாகத்தான் படித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரையும் அது அசைக்கவில்லை.

"என்னமோ கொறையுது" என்றார் விஜயன்.

என்ன குறைகிறது என்று அமுதவள்ளிக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, யாரும் வற்புறுத்தவுமில்லை. அவளே பென்சிலை எடுத்து, ஓரத்தில் அந்த ஃபிளாஸ்க் மூடி வரியைத் திரும்ப எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை படித்தபோது ஒலிப்பதிவு செய்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல வேலை செய்துவிட்ட நிறைவோடு அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனாள்.

அக்டோபர் 23, திங்கட்கிழமை காலை நல்லம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ரேடியோல போட்டியாம்மா?"

அமுதவள்ளியின் மனம் தானாகவே எண்ணத் தொடங்கியது. ஏழைத் தாண்டியது.

"நேத்து வந்தான். சோறு போட்டேன், தொடல. 'அப்பா என்ன சொன்னாரு, திரும்பச் சொல்லு'ன்னான். சொன்னேன். 'பார்லித் தண்ணிய எதுல ஊத்துன?'ன்னான். அவன்கிட்ட எத்தன தடவ சொல்லிருக்கேன், அந்த மூடியோட. 'உனக்குக் கேட்டுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லும்மா'ன்னான். திரும்பவும் பொய் சொல்ல வாய் வரல."

"கோவிச்சுக்கிட்டாரா ஆன்டி?"

"கத்தவே இல்ல. எந்திரிச்சுப் போயிட்டான். முன்னாடின்னா போனதே தெரிஞ்சிருக்காது. இப்பத்தான் மிசின் இருக்கே. கேட்டைச் சாத்துனது கேட்டுச்சு. லோரி ஸ்டார்ட் பண்ணது கேட்டுச்சு. முக்குத் திரும்புற வரைக்கும் கேட்டுச்சு."

ஏன் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அமுதவள்ளியிடம் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி விஜயனிடம் போய் நின்றாள். அவரும் கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்தார். தீபாவளி வரை நேரம் வாங்கியாகிவிட்டது, ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், நிறுத்த முடியாது என்றார்கள்.

வியாழக்கிழமை அவள் கொமுட்டர் ரயிலேறிப் போர்ட் கிள்ளானுக்குப் போனாள். ரயிலில் ஐந்து அட்டைகள் எழுதினாள். அவன் என்ன சொல்வான், அதற்கு என்ன சொல்லலாம் என்று. அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

லோரிகள் வரிசையில் நிற்கும் சாலையோரக் கடையில் சிவநேசன் பாலில்லாத தே ஓ தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். முப்பத்து நான்கு வயது. பளபளக்கும் பட்டை தைத்த பாதுகாப்புச் சட்டை. அம்மா போனில் சொல்லியிருந்ததால், எதிரில் இருந்த நாற்காலியை அவள் உட்காரத் தள்ளிக் கொடுத்தான்.

"நீங்கதான் எழுதுனீங்களா?"

"ஆமா."

"நல்லா எழுதிருக்கீங்க கா. லைன்ல நின்னுக்கிட்டு இருந்தேன், அப்பத்தான் போட்டான். எனக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு. பக்கத்து லோரிக்காரன்கிட்ட, 'பாருடா, எங்கம்மா மாதிரியே ஃபிளாஸ்க் மூடில ஊத்துற பொம்பள ஈப்போலயும் ஒருத்தி இருக்கா'ன்னேன். சொல்லி முடிக்கல. அதுக்குள்ள அந்தக் கடைசி வரி வந்துடுச்சு."

"தப்பு என்னோடது. அம்மா பேப்பருக்கு மட்டும்தான் சரின்னு சொன்னாங்க. அவங்க உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னாங்க."

"தெரியும் கா. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

இரண்டாவது அட்டையில் இருந்ததைச் சொன்னாள். "அவங்களுக்குக் கேக்கலங்கறது மட்டும்தான் நெசம். அப்பா உங்க பேரச் சொல்லலன்னு யாருக்குத் தெரியும்? சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றான். "தண்ணி போதும்னும் சொல்லியிருக்கலாம்."

மூன்றாவது அட்டை அவளுக்கு மறந்துபோனது.

"பதினோரு மாசமா அவருகூடப் பேசிக்கிட்டு இருந்தேன் கா. படத்துக்குக் கீழ படுத்துக்கிட்டு. அவரு கூப்ட்டாரு, நான்தான் வரலன்னு நெனச்சு மன்னிப்புக்கூடக் கேட்டுட்டேன். இப்ப அங்க போயி யாருகூடப் பேசுறது?"

அவள் எண்ணினாள். ஏழு வந்தது, பத்து வந்தது. வரிசை நகர்ந்ததும் அவன் எழுந்தான்.

"அம்மாவ நான் பாத்துக்குவேன். சாமான் வாங்கிப் போடுவேன், மருந்துக்குக் கூட்டிட்டுப் போவேன். திதிக்கு மட்டும் என்னக் கூப்டாதீங்க. நீங்க நல்லாத்தான் பேசுறீங்க கா. உங்க வேலையே அதானே."

விளம்பரம் நவம்பர் 11 வரை ஒலிபரப்பானது. அதைக் கேட்டு நானூற்றுப் பன்னிரண்டு பேர் பரிசோதனைக்கு வந்ததாக ஒலிமலர் நிர்வாகம் நன்றிக் கடிதம் அனுப்பியது. கடிதத்தை விஜயன் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். அமுதவள்ளி சுவரிலிருந்த மஞ்சள் அட்டைகளைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டாள்.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளான் வீட்டில் தம்புசாமியின் முதல் வருஷத் திதி நடந்தது. நல்லம்மாள் கருவியை மாட்டிக்கொண்டு வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்ததாக வாணி பிறகு அமுதவள்ளியிடம் சொன்னாள். ஐயர் பத்தரை வரை காத்திருந்தார். வாணியின் கணவர் குரு திதி கொடுத்தார். சிவநேசன் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சாப்பிட்டார்கள்.